ஆணி அடிச்சால் சரிவராது

எங்கட வீட்டு விறாந்தையில் கிடந்த ஆடுகதிரைக்குப் போன மாசம் ஒரு விலை வந்தது. பழைய சாமான் வாங்க லொறியோடு வந்தவர், நாலு பிளாஸ்டிக் கதிரையும் கொஞ்சக் காசும் தாறன் எண்டார். உடைஞ்ச கதிரைதானே, குடுத்திடுவம் எண்டு அம்மாவும் அரை மனசோடு சொன்னா. நான் மறிச்சன். மறிச்ச பிறகு திருத்தித்தானே ஆகவேணும்!

திருத்துவது என்றால் நம்மில் பலருக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, கழன்ற இடத்தில் ஆணி அடிக்கிறது. மற்றது, மேலே வார்னிஷ் பூசிப் படம் எடுத்துப் போடுறது. இரண்டுமே திருத்தம் இல்லை என்பதுதான் என் கட்சி.

மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சி ஊதும், கோடையில் சுருங்கும். வருசக்கணக்காக இப்படி நடக்க, பொருத்துகளுக்குள் இருக்கிற பசை விட்டுப்போகும். ஆடுகதிரையில் இது இன்னும் கெதியாக நடக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாரம் முன்னும் பின்னும் மாறி, காலும் கீழ் வளைவும் சேருகிற இடத்தைத்தான் இழுக்குது. அங்கே ஆணி அடித்தால் கொஞ்சக் காலம் நிக்கும். பிறகு ஆணி துருப்பிடிச்சு, சுத்தியிருக்கிற மரத்தைக் கறுப்பாக்கும். மெல்ல மெல்ல நார் வழியே ஒரு வெடிப்பும் ஓடத் தொடங்கும்.

எங்கட கதிரையில் அப்படி ஏழு ஆணி. அடிச்சது அப்பப்பா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமச் சனம் வெளிக்கிட்டபோது, சைக்கிளில் ஏத்த முடிஞ்சது மட்டும்தான் கூடப் போனது. முதிரைக் கதிரையை ஆர் தூக்கிறது? அடுத்த வருசம் திரும்பி வந்தபோது அது கிணத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்ததாம், ஒரு பக்க வளைவு கழண்டு. அந்த நேரம் அவரிட்ட உளியும் இல்லை, பசையும் இல்லை. விழுந்த கூரை மரத்தில் இருந்து புடுங்கின ஆணிதான் இருந்தது. ஆகவே ‘அந்தக் காலத்து ஆக்கள் எல்லாத்தையும் முறையாத்தான் செய்தவை’ எண்டு நான் சொல்லமாட்டன். இருந்ததை வச்சுச் செய்தார். அதுவே இருபது வருசத்துக்கு மேல் தாங்கினது.

அந்த ஆணிகளைத்தான் நான் கழட்டினன். அப்பம்மாவுக்குப் பிடிக்கேல்லை. “அவர் அடிச்சதை ஏன்ரா புடுங்கிறாய்?” எண்டு கேட்டா. உடனே பதில் வரேல்லை. வெடிப்பைத் தொட்டுக் காட்டினன். விட்டிருந்தால் அவ இருக்கேக்கை முறிஞ்சிருக்கும்.

துருப்பிடித்த ஆணியை நேரே இழுத்தால் தலை மட்டும் கையில் வரும். முதலில் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டி, துருவின் பிடியை விடுவிச்சுப்போட்டுக் குறட்டால் இழுக்கவேணும். பிறகு பொருத்தைக் கழட்டி, வினாகிரி கலந்த சுடுதண்ணியால் ஊறவைச்சுப் பழைய பசையைச் சுரண்டினன். பழைய பசைக்கு மேல் புதுப் பசை பிடிக்காது. அவசரப்படுகிற எல்லாரும் பிழை விடுறது இங்கதான். ஆணி ஓட்டைகளுக்கு மரக்குச்சி செதுக்கி இறுக்கினன். இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, இழுத்துச் சுத்திக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டன். காசு குடுத்து வாங்கிற கிளாம்பை விட இது திறம் எண்டுதான் இப்ப நினைக்கிறன்.

கைபிடியைத் தேய்க்கவே இல்லை. அங்கே இருக்கிற மினுக்கம் கைபட்டுக் கைபட்டு வந்தது. மரவேலை வீடியோக்களில் முதல் வேலையே அதைச் சாண்ட்பேப்பரால் தேய்ச்சு எடுக்கிறதுதான், ஏனெண்டு எனக்கு விளங்கவே இல்லை. பாரம் தாங்கிற இடத்தைத் திருத்துங்கோ, மற்றதை விடுங்கோ.

தவணைக்கு வாங்கிற மரத்தூள் பலகை அலுமாரி, கால் நனைஞ்சால் ஒரு மாரியிலேயே ஊதி உதிருது. ஊதினதைத் திரும்ப ஒட்டவும் ஏலாது. முதிரையை லொறியில் ஏத்திவிட்டு அதைத்தான் நாங்கள் வாங்குறம்.

தொய்ந்த பிரம்பை அடிப்பக்கம் ஈரத்துணியால் நனைச்சுக் காயவிட்டன், கொஞ்சம் இறுகியிருக்கு. அறுந்த மூலைக்குப் பின்னத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடிக்கொண்டிருக்கிறன். அதுவரைக்கும் அப்பம்மா பழைய சீலை ஒண்டை மடிச்சுப் போட்டு இருக்கிறா. இடப்பக்கம் சாயுது எண்டு முறைப்பாடு. சீமெந்து நிலத்தில் வைச்சுப் பாத்தன், அவ சொல்லுறது சரிதான். சனிக்கிழமை திரும்பவும் கழட்டவேணும்.