குட்டைத் துடுப்பு ஃபைட்டருக்கும் மேடை உண்டு

ஃபைட்டர் மீன் என்றதும் நீளத் துடுப்புள்ள ‘ஹாஃப்மூன்’தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குட்டைத் துடுப்புள்ள ‘பிளாக்கட்’ வகையைச் சண்டை மீன் என்று ஒதுக்கிவிடுகிறோம். தாய்லாந்து மொழியில் அந்தப் பெயருக்குக் கடிக்கும் மீன் என்றுதான் பொருள். ஆனால், இன்று சர்வதேச பெட்டா காங்கிரஸ் விதிப்படி நடக்கும் கண்காட்சிகளில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தாய்லாந்து அரசு 2019-ல் ஃபைட்டரைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தது.

அழகு மட்டும் இருந்தால் கண்காட்சியில் இடம் கிடைக்காது. நடுவர் மதிப்பெண் போட எழுதப்பட்ட வரையறை வேண்டும். ஹாஃப்மூன் என்றால் வால் 180 டிகிரி விரிய வேண்டும் என்பது அப்படியொரு வரையறை. அதே வடிவம் குஞ்சுகளிலும் தலைமுறைதோறும் வரவேண்டும். ஒரே பண்ணையில் மட்டும் இருந்தால் போதாது. பலரும் அதை வளர்க்க வேண்டும்.

கொளத்தூர் வட்டாரத்தில் வளர்ப்பவர்களுக்குக் குறையில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீன் பண்ணைக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. தொட்டி கட்ட அது உதவும். வம்சப் பதிவேட்டை நாம்தான் எழுத வேண்டும்.

உங்களிடம் தனித்தன்மையுள்ள ரகம் இருந்தால், ஜோடி சேர்த்த தேதி, தாய், தகப்பன் விவரம், அதே வடிவில் வந்த குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். நிறத்துக்காக வேறு ரகத்தோடு கலக்காதீர்கள். பக்கத்துப் பண்ணையாரிடமும் ஒரு ஜோடி கொடுத்துவையுங்கள். அங்கும் அதே குஞ்சு வந்தால், அதை ரகம் என்று கண்காட்சியில் துணிந்து சொல்லலாம்.