பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

2015 டிசம்பர் தொடக்கம். அடையாறு கரைபுரண்டு ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வாசல்களில் குவிந்த பொருட்களில் வாஷிங் மெஷின்களும் இருந்தன. எங்கள் வீட்டு செமி ஆட்டோமேட்டிக்கைப் பார்த்த சர்வீஸ் ஆள், “இது அவ்ளோதான் சார், புதுசு வாங்கிடுங்க” என்றார். தெருமுனை மெக்கானிக் அண்ணனோ திறந்து பார்த்துவிட்டு, “மோட்டாரைக் கழட்டிக் காய வைக்கணும், கெப்பாசிட்டர் மாத்தணும், அவ்ளோதான்” என்றார். இருவரும் சொன்னது ஒரே மெஷினைப் பற்றி. அது இன்னும் ஓடுகிறது!

எப்படிச் சாத்தியம்?

பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் இருப்பது துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், ஒரு பெல்ட், சாவி கொடுத்த கடிகாரம் போன்ற டைமர். மோட்டார் ‘உர்ர்’ என்று உறுமியும் சுற்றவில்லையா? பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். பிழியும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் கசிகிறதா? சீல் தேய்ந்திருக்கும். இரண்டும் சில நூறு ரூபாய் வேலை. புதிய மெஷின்கள் பலவற்றில் கதை வேறு. எலெக்ட்ரானிக் போர்டைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். ஒரு சின்ன பாகம் போனாலும் முழு போர்டையும் மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

பெல்ட், ஹோஸ் மாற்றலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். வெள்ளத்தில் மூழ்கிய மெஷினை எலெக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதித்துச் சொல்லும்வரை ஆன் செய்யவே கூடாது. எர்த் இணைப்பும் கட்டாயம். உடம்பே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

என்னதான் தடை?

நம்மிடம் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காதது உதிரி பாகமும் சர்வீஸ் கையேடும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினின் முக்கிய உதிரி பாகங்களை 10 ஆண்டுகள்வரை தர வேண்டும் என்பது விதி. இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் தகவல் தருவது வேறு, பாகம் தரக் கட்டாயப்படுத்துவது வேறு. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள் உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன. உடைத்து உருக்குவது கடைசிப் படி. அதற்கு முந்தைய படி பழுதுபார்ப்பது இல்லையா?

மெஷினை விற்கும்போதே, எத்தனை ஆண்டுகள் பாகம் கிடைக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடச் சொல்லுங்கள். தெருமுனை அண்ணன் மீதியைப் பார்த்துக்கொள்வார்.