ஜிப்ஸியா, தாரா? மருமகன் கேட்ட கேள்விக்கு மாமன் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்ததும் போனை நீட்டி இரண்டு வண்டிகளின் படத்தைக் காட்டினான். ஒன்று 2012 மாடல் மாருதி ஜிப்ஸி. இன்னொன்று 2014 மாடல் மஹிந்திரா தார், டீசல். இரண்டுமே கை மாறி வருபவை. "மாமா, ரெண்டுல ஒண்ண வாங்கி ஆஃப்ரோடுக்கு மாத்தப் போறேன். எதை வாங்கட்டும்?" என்றான்.

வாழ்நாள் முழுக்க மொபெட் ஓட்டியவனிடம் இதைக் கேட்கிறானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் 1991 முதல் 1997 வரை கீழ்ப்பழனி மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஏறவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கவும் ஜீப்தான். ஓட்டத் தெரியாதே தவிர, அதில் உட்கார்ந்து வந்த அனுபவம் நிறையவே உண்டு.

விஷயம் இதுதான். தாண்டிக்குடிப் பக்கம் என் மைத்துனர் விட்டுச்சென்ற நான்கு ஏக்கர் இருக்கிறது. காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. தார் ரோடு முடிகிற இடத்தில்தானே தார் வண்டிக்கு வேலை என்று அவன் முடிவே கட்டிவிட்டான். என்னிடம் கேட்டது ஒரு ஒப்புக்குத்தான். தாரை வாங்கி, நான்கு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர் மாட்டி, முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், மேலே வரிசையாக விளக்கு. வண்டி விலை போக இதற்கு மட்டும் மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறான்.

உடனே பதில் சொல்லவில்லை. பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடமும், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இன்னொருவரிடமும் மூன்று நாள் பாடம் கேட்டேன். கேட்டதை என் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்து எனக்கு வந்த முடிவு: ஜிப்ஸியை வாங்கு, அதையும் கூடியமட்டும் மாற்றாதே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு வண்டியும் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம்.

ஜிப்ஸி 1985இல் வந்த வண்டி. 2019இல் மாருதி அதை நிறுத்தியது. நம் ராணுவம் பல ஆண்டுகள் ஓட்டியது. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். அகலம் 1,540 மில்லிமீட்டர்.

மருமகன் காட்டிய தார் 2010இல் வந்த மாடல். 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன். இழுவிசை ஜிப்ஸியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அகலம் 1,726 மில்லிமீட்டர், அதாவது ஜிப்ஸியைவிட ஏறக்குறைய ஒரு சாண் கூட. இரண்டிலும் நான்கு சக்கர இழுவை உண்டு, மேட்டுக்கான லோ கியரும் உண்டு.

பலத்தை மட்டும் பார்த்தால் தார்தான், மறுக்கவில்லை. தினமும் அரை டன் சுமை ஏற்றவேண்டிய தோட்டமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தார் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் நம் தோட்டத்தின் காலண்டரைப் பாருங்கள். பாதை சேறாவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது மேலே போவது ஆட்கள், சாப்பாடு, இரண்டு மூட்டை உரம். கனமான சுமை இறங்குவது மார்கழி, தை தொடங்கி மாசி, பங்குனி வரை. அப்போது பாதை காய்ந்திருக்கும், வாடகைக்குப் பிக்கப் வண்டியே மேலே வரும். சேறு இருக்கும்போது சுமை இல்லை, சுமை இருக்கும்போது சேறு இல்லை. பிறகு அந்தப் பெரிய இழுவிசை எதற்கு?

சேற்றில் எடை குறைந்த வண்டிக்கே லாபம். கனமான வண்டி புதையும், பாதையையும் உழுதுவிட்டுப் போகும். மாட்டிக்கொண்டால் ஒரு டன் வண்டியை நாலு பேர் கயிறு போட்டு அசைத்துவிடலாம். ஒன்றரை டன்னுக்கு மேல் என்றால் இன்னொரு வண்டி வேண்டும். அந்தப் பாதையில் இன்னொரு வண்டி எப்போது வரும் என்று முருகனுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக உள்ள வழியில் ஒரு சாண் அகலம் சின்ன விஷயம் அல்ல.

அடுத்து, உயர்த்துவது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பலரும் ஏமாறுகிறார்கள் என்று பட்டறைக்கார மாணவர் சொன்னார். கரும்பலகை இல்லாமலே விளக்கப் பார்க்கிறேன்.

வண்டிக்கு அடியில் கல் இடிப்பது பெரும்பாலும் அச்சின் நடுவில் தொங்கும் அந்த உருண்டையில். மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். பின்னால் ஸ்பிரிங் பட்டை வைத்த வண்டியை நீங்கள் எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் உயரும். உருண்டை அச்சோடு இருப்பதால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அந்தத் தாரில் கம்பெனி டயரின் விட்டம் சுமார் 29 அங்குலம். 33 போட்டால் நான்கு அங்குலம் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, இரண்டே அங்குலம். விட்டம், ஆரம் கணக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த இரண்டு அங்குலத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? டயர் 14 சதவீதம் பெரிசாகிறது. மீட்டர் 40 காட்டும்போது வண்டி 45க்கு மேல் ஓடுகிறது. பிரேக்குக்கு அதே அளவு வேலை கூடுகிறது, ஆனால் பிரேக் பழைய பிரேக்தான். லோ கியரின் இழுவையும் அதே அளவு குறைகிறது. எந்த மேட்டுக்காக டயரை மாற்றினோமோ அந்த மேட்டிலேயே வண்டி திணறும். போதாததற்கு அந்தத் தாரின் முன் சக்கரங்கள் ஒரே அச்சில் இல்லை, தனித்தனியாக மேலும் கீழும் போகிறவை. அதை நான்கு அங்குலம் உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும், ரப்பர் உறை கிழியும், மண் புகும், ஷாஃப்ட் போகும். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டு அச்சு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரத்தை அது தரையை நோக்கி அழுத்தும். கம்பெனியிலிருந்து வந்தபடியே அதற்கு 210 மில்லிமீட்டர் இடைவெளி. தாருக்கு 200தான்.

வண்டி உயர்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் உயரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதானால், இடுப்பில் குடம் வைத்து நடப்பதற்கும் தலையில் குடம் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

1996 ஐப்பசி, ஒரு திங்கட்கிழமை காலை. நான் ஏறிய ஜீப்பை அதன் சொந்தக்காரர் அப்போதுதான் மாற்றியிருந்தார். ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை, அடியில் கட்டை, பெரிய டயர். "இனிமே எந்தக் கல்லும் இடிக்காது சார்" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல ஓட்டுநர், குடிக்காதவர். வண்டியில் பதினோரு பேர். அது தப்புதான், அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். ஒரு வளைவில் பாதை பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. இடது சக்கரம் தண்ணீர் அரித்த குழியில் இறங்கியது. வேகம் என்று பார்த்தால் ஆள் நடக்கிற வேகம்தான். வண்டி மெதுவாகச் சாய்ந்தது, நிற்கவில்லை. ஒரு சில்வர் ஓக் மரம் தாங்கியதால் இன்று இதை எழுதுகிறேன்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கோணலாகக் கூடியதால் அதன்பிறகு அவரால் காப்பிப்பழம் பறிக்க முடியவில்லை. அவருடைய பேத்தி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தாள். வாய்ப்பாடு கடகடவென்று சொல்வாள். பாட்டிக்குச் சோறாக்கிப் போட ஆள் வேண்டும் என்று அவளை நிறுத்திவிட்டார்கள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக நீக்கம் என்று எழுதிய கை இந்தக் கைதான். ஜீப்புக்காரருக்கு இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை. வண்டி பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மருமகன் வண்டியில் யார் ஏறப்போகிறார்கள்? முன்னால் என் தங்கச்சி. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் பழம் பறிக்கும் பெண்கள். இந்த இரண்டு வண்டியிலும் ஏர்பேக் கிடையாது. அதனால்தான் இதை வெறும் ஆசை சம்பந்தப்பட்ட விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. முன்னால் மாட்டும் அந்த இரும்புக் கம்பி பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு வந்துவிட்டது. வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி முன்னால் நிறுத்த வேண்டியது இதே வண்டியைத்தான்.

"அப்போ ஒண்ணுமே பண்ணக்கூடாதா மாமா?" என்று கேட்பான். செய்யலாம் மாப்பிள்ளை, நிறையவே செய்யலாம். அதே அளவில் சேற்றுக்கான பட்டன் வைத்த நல்ல டயர் ஐந்து வாங்கு. பிரேக்கை முழுவதும் பிரித்துச் சரிசெய். ஸ்பிரிங் புஷ், ஷாக் அப்சார்பர் புதிதாகப் போடு. இழுப்பதற்குக் கொக்கி சரியாக இருக்கிறதா பார், நல்ல பட்டைக் கயிறு ஒன்று, மண்வெட்டி ஒன்று, காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். சேற்றில் இறங்கும் முன் டயர் காற்றை 28 பவுண்டிலிருந்து 18, 20க்கு இறக்கினால் டயர் அகன்று தரையைப் பிடிக்கும். காசே ஆகாத இந்த வித்தையைச் செய்யாமல் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள் என்று பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும். பின்னால் நாலு பேருக்கு மேல் ஏற்றாதே.

இவ்வளவும் செய்தாலும் அந்த மூன்று லட்சத்தில் நல்ல தொகை மிஞ்சும். அதை எதில் போடுவது? பாதையில் போடு. மூன்று கிலோமீட்டரில் வண்டி மாட்டுகிற இடம் இரண்டோ மூன்றோதான். அந்த இடங்களில் கல் பாவி, தண்ணீர் ஓட ஓரமாக வாய்க்கால் வெட்டு. அக்கம்பக்கத் தோட்டக்காரர்களையும் கூட்டு சேர்த்துக்கொள். வண்டியை மாற்றினால் உனக்கு மட்டும்தான் ஆகும். பாதையைச் சரிசெய்தால் தலைச்சுமையோடு நடந்து வருகிற பெண்களுக்கும் ஆகும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் ஆகும்.

ஜிப்ஸியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இடுப்பை உடைக்கும், பெட்ரோல் குடிக்கும், பழைய வண்டி என்பதால் சேஸிஸில் துரு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். வார இறுதியில் தனியார் இடத்தில் விளையாட்டாக ஓட்டும் பிள்ளைகளின் கணக்கு வேறு, அவர்களோடு நான் வாதாட வரவில்லை. என் கணக்கு ஒன்றுதான். இரண்டு வண்டியில் எது உன் வேலையை மிகக் குறைந்த மாற்றத்தில் செய்கிறதோ, அதுவே உனக்கு ஏற்ற வண்டி. வாங்கும் முன்பே இவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், நீ தேர்ந்தெடுத்த வண்டி உன் வேலைக்கானது அல்ல என்றுதானே அர்த்தம்?

இதையெல்லாம் நேற்று அவனிடம் சொன்னேன். "ஜிப்ஸில கெத்து இல்லையே மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வளைவு இப்பவும் அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டான். அப்படியேதான் இருக்கிறது என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் தயங்காமல் சிவப்பு மையில் திருத்துங்கள். அந்தக் காலத்தில் நான் உங்களுக்குச் செய்ததுதானே!

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்