கவர்னர் கையெழுத்து: தாமதமும் அவசரமும்

மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் கெடுபிடியைத் தடுக்க கர்நாடக மந்திரிசபை தயாரித்த அவசர சட்டம், 2025-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி ராஜ்பவனில் இருந்து கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போன குடும்பங்களைப் பற்றியும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றியும் மாநிலம் முழுவதும் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது.

கவர்னர் தாவர்சந்த் கெலாட் காரணம் சொன்னார். கொடுக்கப்படும் கடன் அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய். தண்டனையோ 10 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். இது பொருத்தமாக இல்லை. சட்டசபைதான் கூடப்போகிறதே, அங்கேயே விவாதிக்கலாமே என்றார். முதல்-மந்திரி சித்தராமையாவின் அரசு விளக்கம் எழுதி மறுபடியும் அனுப்பியது. 12-ந் தேதி கையெழுத்து விழுந்தது.

இடையில் ஐந்து நாள். திருப்பி அனுப்பியதில் தவறு இல்லை. கையெழுத்துப் போட்டதிலும் தவறு இல்லை. காரணமே சொல்லாமல் அந்தக் காகிதம் மேஜை மேல் கிடந்திருந்தால்? குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டும் பெண்களின் வீட்டு வாசலில் வசூல்காரர் நின்றுகொண்டே இருந்திருப்பார். கவர்னர் கையெழுத்து என்பது வெறும் சடங்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மூன்று வழி

சட்டசபை கூடாத நாளில் கொண்டுவரப்படுவது அவசர சட்டம். அதற்கு அரசியல் சட்டத்தின் 213-வது பிரிவு. சபைகள் நிறைவேற்றிய மசோதாவுக்கு 200-வது பிரிவு. மசோதா வந்தால் கவர்னர் முன் மூன்று வழிகள் உண்டு. ஒப்புதல் தரலாம். ஒப்புதலை நிறுத்திவைத்து, காரணம் எழுதி சபைக்கே திருப்பலாம். ஜனாதிபதியின் பரிசீலனைக்கு அனுப்பலாம். பண மசோதாவை மட்டும் திருப்பி அனுப்ப முடியாது.

பெயர்ப் பலகை

கன்னட அமைப்பினர் 2023-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பெங்களூரில் ஆங்கிலப் பலகைகளை உடைத்தார்கள். பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று ஜனவரியில் மந்திரிசபை அவசர சட்டம் தயாரித்தது. கவர்னர் அதைத் திருப்பிவிட்டார். சட்டசபையில் நிறைவேற்றிக் கொண்டுவாருங்கள் என்பதே அவர் சொன்னது. பிப்ரவரியில் அது மசோதாவாக நிறைவேறியது. பிறகு ஒப்புதலும் கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். லாபம் உண்டு. தெருவில் தொடங்கிய விவகாரம் சபைக்குள் வந்தது. பலகையின் மேல் பாதியில் கன்னடம், 60 சதவீதம் என்று அளவு எழுத்தில் வந்தது. இன்று சிவாஜிநகரிலோ அல்சூரிலோ தமிழ்க் கடைக்காரர் ஒருவர் மீதி இடத்தில் தமிழை எழுதினால், சட்டம் இதுதான் என்று காட்ட முடியும். யாரோ நாலு பேர் வந்து சொல்வது சட்டம் ஆகாது.

ஒன்று ஐந்தானது

கிரேட்டர் பெங்களூர் மசோதா 2025 மார்ச்சில் நிறைவேறியது. உள்ளாட்சிக்கு அதிகாரம் தந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி கவர்னர் விளக்கம் கேட்டார். அரசு பதில் தந்தது. ஏப்ரலில் கையெழுத்து, மே 15-ந் தேதி அமல். செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. எந்த மாநகராட்சி ஆபீசுக்குப் போவது, எந்த வார்டில் ஓட்டு என்பதெல்லாம் அந்த ஒரு கையெழுத்தால் மாறியது. கேள்வி, பதில், ஒப்புதல் எல்லாம் சில வாரங்களில் முடிந்தன.

1991-ன் பாடம்

தாமதம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. அவசரமும் ஆபத்துதான். இதைப் பெங்களூர்த் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடும்படி காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ந் தேதி இடைக்கால உத்தரவு போட்டது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 25-ந் தேதி, அதைச் செல்லாததாக்கும் அவசர சட்டம் கவர்னர் குர்ஷித் ஆலம் கானின் பெயரில் வெளிவந்தது. அப்போது முதல்-மந்திரி பங்காரப்பா. அந்த சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நவம்பர் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நிற்காத சட்டத்தைக் காட்டி மக்களுக்கு நம்பிக்கை ஊட்டியிருந்தார்கள். நடுவர் மன்ற உத்தரவு டிசம்பரில் கெஜட்டில் வந்ததும் கலவரம் வெடித்தது. சட்டம் போட்டவர்கள் யாரும் அடிபடவில்லை. அடிபட்டவர்கள் தமிழர்கள்.

டெல்லிக்குப் போனால்

மூன்றாவது வழிதான் மிகவும் நீளமானது. எடியூரப்பா ஆட்சியில் 2010-ல் நிறைவேறிய பசுவதைத் தடுப்பு மசோதாவை, காங்கிரஸ் ஆட்சி நியமித்த கவர்னர் பரத்வாஜ் ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஒப்புதல் வரவே இல்லை. ஆட்சி மாறியதும் 2013-ல் அது கைவிடப்பட்டது. அரசு கான்டிராக்டுகளில் முஸ்லிம்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு தரும் மசோதாவை 2025 ஏப்ரலில் கெலாட் ஜனாதிபதிக்கு அனுப்பினார். கட்சிகள் இடம் மாறின, கதை ஒன்றுதான். மசோதா நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். டெல்லிக்குப் போனால் கெடு இல்லை. சபை இரண்டாவது முறை நிறைவேற்றினாலும் ஜனாதிபதியை அது கட்டுப்படுத்தாது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

தமிழ்நாட்டில் 2020 முதல் 2023 வரை அனுப்பப்பட்ட 12 மசோதாக்கள் தேங்கின. அவற்றில் பத்துக்கு கவர்னர் ஆர்.என்.ரவி ஒப்புதலை நிறுத்திவைத்தார். சட்டசபை 2023 நவம்பர் 18-ந் தேதி அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. அதன்பிறகு அவர் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பினார். அது செல்லாது, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ந் தேதி இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கெடுவும் விதித்தார்கள்.

ஜனாதிபதி 14 கேள்விகளை அனுப்பி சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பர் 20-ந் தேதி பதில் சொன்னார்கள். கவர்னருக்கு கோர்ட்டு கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதற்கும் இடம் இல்லை என்றார்கள். ஆனால் சபைக்குத் திருப்பாமல் மசோதாவை முடக்கி வைக்கவும் கவர்னருக்கு அதிகாரம் இல்லை. காரணம் இல்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், முடிவெடுக்கும்படி மட்டும் கோர்ட்டு சொல்லலாம்.

எவ்வளவு காலம் என்பது நீண்ட காலம்? அதற்கு அளவு இல்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கெடு இல்லாத இடத்தில் மக்கள் கையில் மிஞ்சுவது கேள்வி ஒன்றுதான். விதான சவுதாவில் மசோதா நிறைவேறிய தேதி என்ன, ராஜ்பவனுக்குப் போன தேதி என்ன, திரும்பி வந்தால் காரணம் என்ன? மைக்ரோ பைனான்ஸ் சட்டத்தில் இவை வெளியே தெரிந்தன. அதனால் ஐந்து நாளில் காரியம் முடிந்தது. இன்ன கட்சி, இன்ன கவர்னர் என்று பார்க்காமல் ஒவ்வொரு மசோதாவுக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கையெழுத்து கவர்னருடையது என்றாலும், அதற்காகக் காத்திருப்பவர்கள் மக்கள்.