பெருநாளும் வீட்டுப் பெரியவர்களும்

நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டால் மருதமுனை முதல் நிந்தவூர் வரை எந்த வீட்டிலும் ஓய்வு என்பதே இராது. துணி தைக்கக் கொடுப்பதும், சுவருக்குச் சுண்ணம் பூசுவதும், தொதலுக்கும் வட்டிலப்பத்துக்கும் தேங்காய் சேர்ப்பதுமாக எல்லோருடைய கைகளும் இயங்கிக்கொண்டிருக்கும். அவ்வேளையில், கூப்பிட்டாலன்றித் திரும்பிப் பாராமல் கட்டிலின் ஓரத்தில் மூத்தம்மா ஒருவர் அமர்ந்திருப்பார். “வயது போய்விட்டது, அப்படித்தான் இருப்பார்” என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கின்றோம். சகோதரிகளே, அந்தச் சொல்லைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

அது சரியான சொல் அன்று. முதுமையில் கால் தளரும், கண் மங்கும். ஆனால் எதிலும் விருப்பமற்று, உணவை வெறுத்து, உறக்கம் கெட்டு, “நான் இருந்து யாருக்கு என்ன பயன்?” என்று கிடப்பது முதுமையின் இயல்பு அன்று. அது மனச்சோர்வு என்னும் நோய். 70 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 14 பேரளவில் ஏதோ ஒரு மனநலக் குறையோடு வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மனச்சோர்வும் பதற்றமுமே அவற்றுள் மிகுதி. நம் பெரியவர்களோ மனம் சரியில்லை என்று வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நெஞ்செரிவு என்பார்கள், மூட்டுவலி என்பார்கள், தலை சுற்றுகிறது என்பார்கள்.

நோன்பு மாதத்தில் இந்நோய் மிக எளிதாக மறைந்துகொள்ளும். ஸஹருக்கு எல்லோரும் விழிக்கின்றனர். பகலில் எல்லோரும் உண்ணாதிருக்கின்றனர். மாலையில் எல்லோரும் களைத்திருக்கின்றனர். இவர்களிடையே மூத்தவாப்பா இரண்டு கிழமையாகக் கண்மூடவில்லை, நோன்பு திறந்த பின்னும் கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை என்பதைத் தனியே கவனிப்பார் யார்?

நம் பகுதியின் வழமையை இங்கே நினைவுகூர வேண்டும். பெண்ணுக்கு வீடு கொடுக்கின்றோம்; மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்கின்றார். ஆகவே நம் முதியோருட் பலர், மகளும் பேரப்பிள்ளைகளும் சூழவே இருக்கின்றனர். இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதற்குள்ளே ஒரு துயரமும் ஒளிந்திருக்கின்றது. தாம் பாடுபட்டுக் கட்டிய வீடும், வளவில் தாம் நட்ட தென்னையும், தாம் ஆண்ட அடுக்களையும் இப்போது மகளுடையவை. கடைசிப் பெண்ணுக்கும் கொடுத்து முடித்த தாய் பின்னறைக்கு ஒதுங்குகின்றாள். ஆண்மக்கள் தத்தம் மனைவியர் வீடுகளிலிருந்து பெருநாட் காலையில் வந்து, ஸலாம் சொல்லி, உம்மாவின் கைக்குள் பணத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவர். கத்தாரில் இருக்கும் பிள்ளை தொலைபேசித் திரையில் முகம் காட்டுவான். “நீங்க ஒண்டும் செய்ய வேணாம், சும்மா இரிங்க உம்மா” என்பாள் மகள். அன்பினாற் சொல்வதுதான். ஆனால் நாற்பது பெருநாளுக்கு வட்டிலப்பம் அவித்த கைகளைச் சும்மா இருக்கச் சொல்வது மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. பெருநாட் சாரங்களுக்காக மருதமுனைத் தறியில் இரவும் பகலும் இருந்த ஆண்களுக்கும் இதுவே நிலை. தேங்காய்ப் பால் பதம் பார்ப்பதையோ, பித்ராவுக்குரிய அரிசியை அளப்பதையோ அவர்களிடம் விடுங்கள். சற்றுத் தாமதமானாற் குடிமுழுகிப் போகாது.

இனி, பெருநாளன்று நாம் பேசாமல் விடுகின்ற ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடுத்த ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது ஒரு மாதமும் நிறைந்திருக்கவில்லை. அன்று நாற்பது வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இன்று அறுபது கடந்துவிட்டது. பின்னர் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவினால் மௌத்தானவர்களை அடக்கவிடாது எரித்த காலம் வந்தது. பெருநாளில் மையவாடிக்குப் போய் ஸலாம் சொல்லும் வழக்கமுள்ள குடும்பங்கள் சிலவற்றுக்கு, போய் நிற்பதற்கு ஒரு மண்மேடும் இல்லாது போயிற்று. பெருநாளும் அதுவுமாக எதற்கு அழவைப்பது என்றெண்ணி இறந்தவரின் பெயரையே நாம் எடுப்பதில்லை. அவரோ காலைமுதல் அந்தப் பெயரை நினைத்தபடியே தனியே இருக்கின்றார்.

பெயரைச் சொல்லுங்கள். “வாப்பா இருந்திருந்தால் இந்தத் தொதலை என்ன சொல்லியிருப்பார்?” என்று கேளுங்கள். முதியோர் பழையதை மீட்டிப் பேசுவது வீண் புலம்பல் அன்று, வாழ்வைக் கணக்குப் பார்த்துக்கொள்ளும் இயற்கையான முயற்சி என்று அமெரிக்க மனநோய் மருத்துவர் றொபேட் பட்லர் 1963 இலேயே எழுதினார். நம் மூத்தம்மாமார் பலருக்குக் கவி தெரியும். பேத்தியை அருகிலிருத்திச் சொல்லச் சொன்னால், முதலில் மறுப்பார்கள், பிறகு நிறுத்தமாட்டார்கள்.

பேச்சினால் தீராத சோர்வும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. தைரொயிட் சுரப்புக் குறைவும் சோர்வாகத் தோன்றுமாதலால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். மனச்சோர்வுக்குரிய மருந்து தலைவலி மாத்திரை போன்றதன்று. பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும், திடீரென நிறுத்துதலும் ஆகாது. நோன்புக்காகப் பெரியவர்கள் மருந்தை ஒளித்துவைப்பது நாம் அறிந்ததே. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மருந்தானால், நோன்பு திறந்தபின் எடுக்கலாமா என்று வைத்தியரையே கேட்கலாம். ஈமான் குறைந்ததனால் வந்த சோர்வு என்று சொல்வோரும் உளர். நீரிழிவுக்கு யாரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லை.

“மௌத்து வந்தால் நல்லது” என்று அடிக்கடி சொல்பவரிடம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்க அஞ்சவேண்டாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியைப் பூட்டிவையுங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

ஆண்மக்களுக்கு ஒரு சொல். பெருநாளன்று வீடு நிறைந்திருக்கும். உம்மாவுக்கு உங்கள் முகம் பத்தில் ஒன்று. நான்காம் நாள், பாயெல்லாம் சுருட்டிய பிறகு, கைவீசிக்கொண்டே போங்கள். மிஞ்சிய தொதலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அவரது கட்டிலிலேயே ஒரு மணி நேரம் இருந்து வாருங்கள்.