மின்சார லாரிகளும் திவால் மனுக்களும்



மின்சார லாரி நிறுவனங்களின் வீழ்ச்சிக்கு விற்பனை மந்தம் ஒன்றே காரணம் எனக் கருதுவது பொருந்தாது. ஸ்வீடனின் வோல்ட்டா டிரக்ஸ் பேட்டரித் தொகுப்புகளுக்கு அமெரிக்காவின் புரோட்டெராவையே நம்பியிருந்ததால், புரோட்டெரா 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு, அதாவது கடன் கொடுத்தோரின் நெருக்குதலிலிருந்து நீதிமன்றக் காப்பு, கோரியதும் உற்பத்தித் திட்டம் நிலைகுலைந்து, அக்டோபரில் தானும் திவாலானது. மற்றொரு மின்சார லாரி நிறுவனமான நிக்கோலாவோ, சொந்தத் தொழிலின்றிப் பங்குச்சந்தையில் பணம் திரட்டி வைத்திருந்த வெற்று நிறுவனம் ஒன்றுடன் இணைந்து 2020இல் சந்தைக்கு வந்து, பேட்டரியின் குளிர்விப்புத் திரவம் கசிந்து லாரி தீப்பற்றியதால் 2023இல் 209 லாரிகளைத் திரும்பப் பெற்று, 2025 பிப்ரவரியில் திவால் மனு தாக்கல் செய்தது. தயாரிப்பாளர் திவாலானால் வாங்கியோரின் உத்தரவாதமும் கேள்விக்குறியாகிவிடும் என்பதால், விற்ற வண்டியின் பழுதை நீக்கித் தரும் உத்தரவாதப் பொறுப்புக்கென, தயாரிப்பாளர் தொட முடியாத தனி நிதியை ஒதுக்குமாறு அரசுகள் சட்டப்படி வற்புறுத்த வேண்டும். பெருந்தொகை கொடுத்து லாரி வாங்கியோர் உதிரிபாகத்துக்கு அலைய நேர்வது சிறிதும் நியாயமன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்