ஏரி ஒன்று, அலகு பல



வரதராஜன்பேட்டை முந்திரித் தோப்புகளை விட்டுத் தென்மேற்கே, அரியலூரையும் தாண்டிப் போனால் கரைவெட்டி ஏரி வரும். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து ஏரியை நிரப்பிவிட்டால், மார்கழிக்குள் பறவைகள் வந்து இறங்கிவிடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024 ஜனவரியில் இடம்பிடித்த ஏரி இது. எத்தனை ஆயிரம் பறவை வந்தது என்று செய்தி போடுகிறோம். இந்த முறை அவற்றின் வாயைப் பார்க்கச் சொல்கிறேன்.

நத்தைகுத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது. நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. நத்தையைப் பிடித்ததும் கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் மூடிக்குள் செலுத்தி, ஓட்டோடு சதையைப் பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிடும். ஓடு உடையாது; சதை மட்டும் வெளியே வரும். பக்கத்திலேயே கரண்டிவாயன், தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடக்கும். ஏதாவது பட்டால் அலகு உடனே மூடிக்கொள்ளும். பாம்புத்தாராவின் இறகு தண்ணீரில் நனைந்து கனக்கும். அதனால்தான் உடல் அமிழ்ந்து, கழுத்து மட்டும் வெளியே தெரிகிறது. நீருக்குள் மீனைக் கூரிய அலகால் குத்திப் பிடித்துவிட்டு, கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கும். நீண்ட விரல்களை அகட்டி வைத்துத் தாமரை இலைமேல் நடந்துபோகும் இலைக்கோழி. ஏரி ஒன்றுதான், ஆளுக்கொரு பிழைப்பு, அதற்கேற்ற உடம்பு.

இதே வட்டாரத்தின் மண்ணுக்கு அடியில் இன்னும் பழைய உடம்புகள் கிடக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையின் வறண்ட ஓடைகளில், சுருள் ஓடு கொண்ட கடலுயிரான அம்மோனைட் கல்லாகிக் கிடக்கிறது. நாம் பூஜிக்கும் சாலக்கிராமத்தில் தெரியும் சுருளும் அதே இனத்தின் தடம்தான். இந்த வட்டாரத்துக் கடலுயிர்களை 1860களிலேயே நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் ஆராய்ந்து விரிவாக எழுதினார்கள்.

பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும், அம்மோனைட் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தம். சுருளுக்குள் அறை அறையாகத் தடுப்பு. கடைசி அறையில் உடம்பு. மற்ற அறைகளில் காற்று நிரம்பியிருந்ததால் மூழ்காமல் மிதக்க முடிந்தது. அற்புதமான அமைப்பு. 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் கொடிகட்டிப் பறந்த அந்த வம்சம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அழிந்தது. ஏறக்குறைய அதே போல ஓடு கொண்ட நாட்டிலஸ் தப்பித்து இன்றும் கடலில் இருக்கிறது.

எந்த உடம்பும் எங்கும் எப்போதும் சிறந்ததாக இருப்பதில்லை. அது வாழும் இடம் இருக்கும்வரைதான் அதன் கெட்டிக்காரத்தனம். ஏரி வற்றிப்போய் நத்தை இல்லாமல் போனால், நத்தைகுத்தி அந்த அலகை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

அதனால் ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கரைவெட்டிக்கு அழைத்துப் போங்கள். கரையில் பிளாஸ்டிக் போடாதீர்கள். காரைப் பக்கம் போனால் கல்லைப் பார்த்து, படம் எடுத்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் பார்த்த அலகுகளை வரைந்து எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்